இரண்டு மூச்சுக்கு நடுவில் எத்தனை நமசிவாய

என் வீட்டுக்காரர் குறட்டை விடுவார் என்பது கல்யாணமான மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? என் அப்பா விட்டார், அண்ணன் விட்டார். அறுப்பு மிஷின் ஓட்ட வருகிற டிரைவர்கூட மத்தியானம் மிஷினுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விடுவார். உழைத்த உடம்பு சத்தம் போட்டுத் தூங்குகிறது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கம். நாலு ஏக்கர் நஞ்சை, இரண்டு மாடு. ஒரே பெண், கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறாள். சிவன் கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஆறே வீடு. நான் எட்டாவது வரை படித்தேன். அதற்கு மேல் படித்திருந்தால் இதை முன்பே கண்டுபிடித்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

ஐம்பது வயதுக்கு மேல் எனக்குத் தூக்கம் குறைந்தது, அவருக்குக் கூடியது. வீட்டில் ஒருவரிடம் குறைந்தது இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். தூக்கம் வராத நேரத்தைச் சும்மா கழிப்பானேன் என்று படுத்தபடியே விரல் கணுவில் எண்ணி நமசிவாய சொல்ல ஆரம்பித்தேன். ஆனால் பக்கத்தில் அந்தச் சத்தம் இருக்கும்போது எண்ணிக்கை நிற்காது. முப்பது சொன்னேனா முப்பத்தொன்றா என்று குழம்பிவிடும். அதனால் ஒரு வழி செய்துகொண்டேன். அவருடைய குறட்டை நடுநடுவே தானாக நிற்கும். நின்றதும் நான் தொடங்குவேன். ஏழு சொல்வேன், எட்டு சொல்வேன். பிறகு, கயிறு கழுத்தில் சுற்றிக்கொண்ட ஆடு இழுப்பதுபோல ஒரு சத்தம் வரும். உடம்பு ஒரு தரம் தூக்கிப் போடும். குறட்டை மறுபடி ஆரம்பமாகும். நான் நிறுத்திக்கொண்டு அடுத்த அமைதிக்குக் காத்திருப்பேன்.

வருஷம் போகப் போக அந்த அமைதி நீண்டது. பத்து வந்தது, பன்னிரண்டு வந்தது. என் ஜபத்துக்காக ஈஸ்வரனே சத்தத்தை நிறுத்திக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் அதற்காக நன்றி சொல்லிக் கோயிலில் ஒரு நெய் விளக்கும் போட்டேன்.

மற்ற விஷயங்களும் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் தலைவலி என்பார். சுக்கை உரசிப் பற்றுப் போடுவேன். வாய் காய்ந்துபோய், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழுவார். ராத்திரி மூன்று தரம் கொல்லைக்குப் போவார். சர்க்கரையோ என்று பார்த்தோம், இல்லை. பிரஷருக்குச் சுகாதார நிலையத்தில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், அது இரண்டு மாத்திரையானது, பிரஷர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் மாட்டைத் திட்டினார். மாடு வழக்கம்போலத்தான் இருந்தது.

அவர் தீட்சை வாங்கியபோது கழுத்தை ஒட்டி ருத்திராட்சம் கட்டிக்கொண்டவர். முப்பத்திரண்டு மணி. ஒரு வருஷம், "இறுக்குது" என்றார். மணியைக் கூட்ட முடியாது, முப்பத்திரண்டுதான் முறை. அதனால் நூலை மாற்றி, மணிக்கு மணி நடுவில் முடிச்சைப் பெரிதாகப் போட்டுக் கோத்தேன். அடுத்த வருஷம் திரும்ப இறுக்கியது. இரண்டு முடிச்சாகப் போட்டேன். இப்படி மூன்று தரம் மாற்றிக் கோத்தேன். கழுத்து தடிக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. நூல் சுருங்குகிறது என்று நினைத்தேன். கடைக்காரரிடம் போய்ச் சண்டைகூடப் போட்டேன்.

பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். நடவு நடக்கும்போது வரப்பில் உட்கார்ந்து தூங்கினார். முடி வெட்டுகிற நாற்காலியில் தூங்கி, கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் வந்து நின்றார். இதையெல்லாம் வயசு என்று சொல்லிவிடலாம். ஆனால் கோயிலில் நடந்ததற்கு ஊர் வேறு பெயர் வைத்தது.

பிரதோஷத்துக்கு எங்கள் ஊரில் பதினைந்து பேர் உட்கார்ந்து பதிகம் பாடுவோம். முதல் இரண்டு பாட்டில் அவர் குரல் எல்லாருக்கும் மேலே கேட்கும். மூன்றாவதில் இழுக்கும். நாலாவதில் கண் மூடும். ஐந்தாவதில் தலை மெல்லத் தாழ்ந்து மார்பில் வந்து நிற்கும். என் நாத்தனார், அவருடைய தங்கை, எங்கள் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். என் தோளை இடிப்பாள்.

"பாருங்க அண்ணி. எங்க அண்ணன் கரைஞ்சு போயிடுச்சு. நமக்கெல்லாம் வருமா இது?"

எனக்கு வரவில்லை என்பது உண்மைதான். நாலாவது பாட்டு வரும்போது எனக்கு அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தோமா என்று ஞாபகம் வரும். அவரைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. நந்திக்குப் பக்கத்துத் தூணோரம் அவருக்கென்று ஒரு இடம் ஒதுக்கினார்கள். சாய்வதற்கு அது தோதான இடம்.

ஒரு சனிப் பிரதோஷத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மாள், அவர் உட்கார்ந்திருந்த நிலையைப் பார்த்துவிட்டு அப்படியே காலில் விழுந்துவிட்டாள். அவர் திடுக்கிட்டு விழித்தார். எதிரில் ஒருத்தி விழுந்து கிடக்கிறாள், பக்கத்தில் விபூதித் தட்டு இருக்கிறது. எடுத்துப் பூசிவிட்டார். வேறு என்ன செய்வார்? அடுத்த மாதம் அந்த அம்மாள் தன் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இது இப்படியே போயிருக்கும். போகவிடாமல் செய்தது முட்டுக்கட்டை.

எங்கள் கோயில் தேருக்கு வலது சக்கரத்தில் முட்டுக்கட்டை போடுவது அவர்தான். மாமனார் போட்டார், அவருக்குப் பிறகு இவர் இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிறார். இடது சக்கரத்துக்கு அவருடைய பங்காளி, ஒன்றுவிட்ட தம்பி முறை. முட்டுக்கட்டை என்பது ஒரு பக்கம் சரிவாகச் சீவிய புளியங்கட்டை. ஓடுகிற தேரின் சக்கரத்துக்கு முன்னால் அதைச் சொருகினால் தேர் நிற்கும். கொஞ்சம் கோணலாகச் சொருகினால் திரும்பும். சொருகிய கையை உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்காதவர்களைப் பற்றி எங்கள் ஊரில் பேசமாட்டார்கள். தேர் புறப்படும் முன்பு கட்டை போடுகிற இரண்டு பேருக்கும் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அந்தத் துணியை அவர் பூஜை அலமாரியில் மடித்து வைத்திருப்பார். இருபத்திரண்டு துணி இருக்கிறது.

மாசி மகத்துக்குச் சாமி ஆற்றுக்குத் தீர்த்தவாரி போய்த் திரும்பும். அது சின்னச் சப்பரம்தான், சக்கரம் முழங்கால் உயரம். அதற்கும் இவர்கள்தான் கட்டை போடுவார்கள். அன்றைக்குக் காலை பதினோரு மணி இருக்கும். எங்கள் தெருமுனையில் தீபாராதனைக்காகச் சப்பரம் நின்றது. நான் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறேன். அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கட்டை சக்கரத்துக்கு அடியில், கை கட்டையின் மேல். கற்பூரம் காட்டி முடித்து, வடத்தைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். அவர் கையை எடுக்கவில்லை.

அந்தப் பக்கமிருந்து பங்காளி குனிந்து பார்த்திருக்கிறார். "அண்ணே!" என்று கத்திக்கொண்டு சப்பரத்துக்கு முன்னால் தாவி வந்து, இவர் இடுப்புத் துண்டைப் பிடித்து இழுத்தார். இவர் மல்லாந்து விழுந்தார். கை இருந்த இடத்தில் சக்கரம் இருந்தது.

"சாமி வந்துடுச்சு! சாமி வந்துடுச்சு!" என்று கூட்டம் கை கூப்பியது. யாரோ தண்ணீர் தெளித்தார்கள். நாத்தனார் அழுதுகொண்டே விபூதியை அள்ளி அண்ணன் நெற்றியில் பூசினாள். நான் அழவில்லை. இழுப்பதற்குச் சற்று முன்பு நாதசுரம் ஒரு நொடி நின்றபோது எனக்கு ஒரு சத்தம் கேட்டது. கயிறு சுற்றிக்கொண்ட ஆட்டின் சத்தம். அதை எனக்கு நன்றாகத் தெரியும்.

மத்தியானம் சாப்பாடு போடும்போது சொன்னேன்.

"ஏங்க, நீங்க தூங்கிட்டீங்க."

"எங்க?"

"சக்கரத்துக்கிட்ட."

"நான் எங்க தூங்கினேன்? கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"கொறட்ட வந்துச்சு."

"தவிலு கேட்டிருக்கும் ஒனக்கு."

சொல்லிவிட்டு, மோர்ச் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப் போனார்.

வைகாசித் தேருக்கு மூன்று மாதம் இருந்தது. பெரிய தேரின் சக்கரம் என் உயரம். எனக்கு அதற்குப் பிறகு வேறு நினைப்பே இல்லை. கட்டையை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொன்னேன், அவர் ஒரு நாள் பூராவும் என்னோடு பேசவில்லை. மாவிளக்கு வேண்டிக்கொண்டேன். தலைமாட்டில் வேப்பிலை வைத்தேன். அவர் வேப்பிலைக்கும் சேர்த்துக் குறட்டை விட்டார்.

பங்குனியில் உளுந்து பறித்து முடித்த அன்று ராத்திரி, வழக்கம்போலச் சத்தம் நின்றது. நான் எண்ண ஆரம்பித்தேன். பதினைந்து போனது. பதினெட்டு போனது. இருபதில் எனக்கே நாக்கு உலர்ந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு இருபத்தொன்று சொன்னேன். அப்போதுதான் தோன்றியது. நான் நடுநடுவே மூச்சு விட்டுக்கொண்டுதானே இத்தனை சொல்கிறேன். இவர்?

எழுந்து உட்கார்ந்து அவர் மூக்குக்கு முன்னால் புறங்கையை வைத்தேன். அந்த ஆட்டுச் சத்தத்தோடு மூச்சு வந்தது, குறட்டை வந்தது, மறுபடி நின்றது. நின்றபோது என் கையில் காற்றே படவில்லை. ஆனால் மார்பும் வயிறும் ஏறி இறங்குகின்றன. தண்ணீர் எட்டாத பம்புசெட் ஓடுகிற மாதிரி எல்லாம் ஓடுகிறது, ஒன்றும் வரவில்லை.

இத்தனை வருஷம் நான் ஜபம் செய்தது என் வீட்டுக்காரருக்கு மூச்சு நின்றிருந்த நேரத்தில். அதற்கு நெய் விளக்கும் போட்டிருக்கிறேன்.

காலையில் மகள் போனில் வந்தாள். சொன்னேன்.

"அம்மா, நீ சொன்னா அப்பா நம்ப மாட்டாங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணி அவங்களுக்கே போட்டுக் காட்டு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுடி."

"பதிகம் பாடறத பதிஞ்சு எனக்கு அனுப்புவல்ல? அதே பட்டன்தாம்மா."

அதே பட்டன்தான். பதிந்தேன். மறுநாள் காப்பி கொடுத்துவிட்டு அவர் முன்னால் போனை வைத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது யாரு வீடு?"

"நம்ம வீடுதான்."

"டிராக்டர் போவுற மாதிரி இருக்கே."

"டிராக்டர் நம்ம கட்டில்லயா போவும்? கேளுங்க."

சத்தம் நின்றது. அதற்குப் பிறகு போனிலிருந்து என் குரல் வந்தது. நான் எண்ணியதும் பதிவாகியிருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். நமசிவாய, நமசிவாய என்று மெல்லிய குரலில் ஆரம்பித்து, பத்துக்கு மேல் வேகமாகி, பதினைந்துக்கு மேல் நடுங்கியது. பிறகு அந்த ஆட்டுச் சத்தம். அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"இரு. அத திரும்பப் போடு."

திரும்பப் போட்டேன். சத்தம் நின்ற இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து வரைக்கும் சாதாரணமாக இருந்தார். பன்னிரண்டில் முகம் சிவந்தது. பதினாலில் புஸ்ஸென்று விட்டுவிட்டார். போனில் என் குரல் பதினைந்து, பதினாறு என்று போய்க்கொண்டே இருந்தது. அது முடியும் வரை அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ராத்திரியில தூங்கறதே இல்லயா?" என்றார்.

"மத்தியானம் தூங்கிக்குவேன்" என்று பொய் சொன்னேன்.

"யாருகிட்ட காட்டணும்?"

அவர் அப்படிக் கேட்டதற்குத்தான் நான் மாவிளக்கு போட்டேன்.

தஞ்சாவூரில் ஒரு காது மூக்குத் தொண்டை டாக்டர். சின்னப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். கும்பகோணம் போய் பஸ் மாறிப் போனோம், இரண்டு பஸ்ஸிலும் அவர் தூங்கினார். டாக்டரம்மா அவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தில் டேப் வைத்து அளந்தார்.

"எப்ப இருந்து இந்த மாதிரி கழுத்து தடிச்சிருக்கு?"

"மூணு தடவ ருத்திராட்சத்த மாத்திக் கோத்தாச்சுங்க" என்றேன். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

காலையில் தலைவலி உண்டா, வாய் காயுமா, ராத்திரி எத்தனை தரம் எழுந்திருப்பார், பிரஷர் இறங்கவே இல்லையா, கோபம் வருகிறதா, மறதி உண்டா என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் ஆமாம் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர் மாதிரியே கேட்டார். நான் தனித்தனியாகப் பற்றுப் போட்டதும் மாத்திரை வாங்கியதும் சண்டை போட்டதும் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கிறது.

"மூச்சு எத்தன செகண்டு நிக்குதும்மா?"

"செகண்டு தெரியாதுங்க. இருபத்தொரு நமசிவாய."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எந்த வேகத்துல சொல்லுவீங்களோ அதே வேகத்துல சொல்லுங்கம்மா."

சொன்னேன். வெளியில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இருபத்தொன்று முடிந்ததும் டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்து ஒரு எண்ணை எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

"தூக்கத்துல தொண்டத் தச தளந்து மூச்சுக் குழாய மூடிடுதும்மா. மூச்சு முட்டுனதும் மூள எழுப்பி விடுது. அவருக்கே தெரியாம ராத்திரி பூரா எழுந்து எழுந்து படுக்கறாரு. இவரு சரியா தூங்கறதே இல்ல."

"எங்க ஊருல இவர விட யாருமே தூங்கறதில்லீங்க."

"அதுனாலதான் பகல்ல தூங்கறாரு. டூ வீலர் ஓட்டுவாரா?"

"ஓட்டுவாரு."

"இப்போதைக்கு வேண்டாம். வேற ஆபத்தான வேல ஏதாவது?"

அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"தேருக்கு முட்டுக்கட்ட போடுவாருங்க."

"எங்க?"

"சக்கரத்துக்கு அடியில."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அவர் மின்விசிறியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு ராத்திரிக்கு ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தார்கள். மார்பில் ஒரு பட்டை, மூக்கில் ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப். மணிக்கு எத்தனை தரம் மூச்சு நிற்கிறது என்று அது எழுதி வைத்திருந்தது. அந்த எண்ணை டாக்டரம்மா எனக்குக் காட்டினார். நான் அவருக்குச் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. பிறகு ஒரு காற்று மிஷின் வந்தது. மூக்கில் முகமூடி, அதிலிருந்து நீளமாக ஒரு குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்கிறது. கரண்டு போனாலும் ஓடுவதற்கு இன்வெர்ட்டரில் இணைத்தோம்.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு அவர் என் பக்கம் திரும்பினார். தும்பிக்கை தொங்குகிறது, நெற்றியில் விபூதி இருக்கிறது. என் கை தானாக நெற்றிப் பொட்டில் குட்டிக்கொள்ளப் போய்விட்டது.

"என்னாது?" என்றார் முகமூடிக்குள்ளிருந்து.

"ஒண்ணுமில்ல, படுங்க."

இரண்டு நாள் பாதியில் பிய்த்துப் போட்டார். மூன்றாம் நாள் முழுசாக வைத்திருந்தார். அன்றைக்கு நான் வழக்கம்போல முதல் விரலின் முதல் கணுவில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, சத்தம் நிற்பதற்காகக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. ஆனால் மூச்சு இருந்தது. வந்தது, போனது, வந்தது. நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டைவிரல் வைத்த இடத்திலேயே இருந்தது. அன்று நான் ஒரு நமசிவாயகூடச் சொல்லவில்லை.

தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது கோயில் மண்டபத்தில் திருவிழாக் கூட்டம் போட்டார்கள். டாக்டரம்மா, இந்த வருஷம் சக்கரத்துப் பக்கமே போகக்கூடாது, உடம்பு பழகட்டும், அடுத்த வருஷம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தார். முதுகுவலி என்று சொல்லிவிடுங்கள் என்றேன் நான். அவர் தலையாட்டிக்கொண்டு போனார். அங்கே போய் எழுந்து நின்றார்.

"எனக்குத் தூக்க வியாதி. மாசி மகத்தன்னிக்கு சாமி வரல, தூங்கிட்டேன். இந்த வருஷம் கட்டைய நான் தொடமாட்டேன்."

என் நாத்தனார்தான் முதலில் எழுந்தாள்.

"எங்க அண்ணன் தூங்குச்சுன்னு எவ சொன்னா?"

"நான்தான் சொல்றேன் தங்கச்சி. தூணோரம் ஒக்காந்தது எல்லாம் தூக்கந்தான்."

"பதிகத்துல கரைஞ்சது?"

"அதுவும்."

கோயில் பெரியவர் ஒருவர் யோசித்து யோசித்துக் கேட்டார். "அப்ப அந்த வெளியூரு அம்மாவுக்கு விபூதி பூசுனது?"

"முழிச்ச வேகத்துல பூசுனது."

"அவ மருமவளுக்குப் புள்ள பொறந்துச்சேய்யா."

"அது சாமி குடுத்தது."

பெரியவருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. பங்காளி எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாசியில் துண்டைப் பிடித்து இழுத்த அதே கை. "நீ உசுரோட நில்லுண்ணே. கட்டைய என் மச்சான் போடுவான்" என்றார்.

நாத்தனார் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த எட்டு நாளில் எங்கள் வீட்டுக் கொல்லை வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள், தனித்தனியாக. மூன்று பேரும் உப்பு கேட்கத்தான் வந்தார்கள். உப்பை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுலயும் நிக்குதுக்கா" என்றார்கள். அதில் ஒருத்தி முருக பக்தை. முருகா என்று எண்ணியிருக்கிறாள், இருபத்தெட்டு வந்திருக்கிறது. ஆடிப்போயிருந்தாள். முருகா சின்னது, அதனால் எண்ணிக்கை கூட வரும், அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் நிற்பதே தப்பு, நாளைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லி அனுப்பினேன்.

தேரன்று அவர் தலையில் பரிவட்டம் இல்லாமல் வடம் பிடித்தார். கூட்டத்தோடு கூட்டமாக இழுத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். பங்காளியின் மச்சான் கட்டை போடும் ஒவ்வொரு தரமும் இவருடைய வலது கையும் தானாக மூடித் திறந்தது. பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தேன். தெற்கு வீதி முனையில் தேர் திரும்ப அரை மணி நேரம் ஆனது. வெயில் கொளுத்தியது. மற்ற வருஷமாக இருந்தால் அந்த அரை மணியில் அவர் நின்றபடியே தூங்கியிருப்பார். அன்றைக்கு வடத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி, அண்ணாந்து தேரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் மோர் கொடுத்தேன்.

"சாமி இந்தப் பக்கமாவா திரும்பியிருக்கும்?" என்று கேட்டார்.

"எப்பவும் அப்படித்தானே இருக்கும்?"

"நான் எங்க பாத்தேன்? இருபத்திரண்டு வருஷமா சக்கரத்தத்தான் பாத்தேன்."

மோரை வாங்கிக் குடித்தார். அதற்குள் தேர் கிளம்பிவிட்டது, டம்ளரை என் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

இப்போது பிரதோஷத்தில் பத்து பாட்டும் முழித்திருக்கிறார். நாங்கள் எட்டாவது பாட்டில் இரண்டு வரியை விட்டுவிடுகிறோம் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார். எத்தனையோ வருஷமாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறோம், யாரும் கவனிக்கவில்லை. தாளம் ஓடுகிறது என்றார். மணி அடிப்பவர் முந்துகிறார் என்றார். அவர் தூணோரம் கண்மூடி உட்கார்ந்திருந்த காலமே நன்றாக இருந்தது என்று இரண்டு பேர் சொன்னதாக என் காதுக்கு வந்தது. தஞ்சாவூர் போய்வந்ததிலிருந்து அண்ணனுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று நாத்தனாரே சொல்கிறாள்.

போன பிரதோஷத்தன்று நான் அந்தத் தூணோரம் உட்கார்ந்தேன். வேறு இடமில்லை. இரண்டு பாட்டு பாடியது ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு தீபாராதனை மணிச் சத்தத்தில் விழித்தேன். நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் நீர்.

"அண்ணிக்கும் வந்துடுச்சு" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவரிடம் கேட்டேன்.

"நான் தூங்கறத பாத்துக்கிட்டே இருந்தீங்களா? எழுப்பக்கூடாது?"

"எழுப்பலாம்னுதான் வந்தேன். அப்புறம் பக்கத்துலயே ஒக்காந்து எண்ணிப் பாத்தேன்" என்றார். "எங்கயும் நிக்கல. அதுனால விட்டுட்டேன்."